காலை எட்டு மணிப் படம்

லக்ஷ்மிபாய் நகர்,
புது டில்லி.
8 ஜூன் 1996

பாதாளத்தின் வாசற்படியில் கூடாரம் போட்டுக் குடியிருக்கும் மருமகள் பூங்கோதைக்கு,

உன் தாய்மாமனும், மந்திரிமார் ரிப்பன் வெட்டிய பதினாறாயிரம் படங்களைக் கழுவிக் கரையேற்றியவனும், அரசாங்கப் புகைப்படப் பிரிவின் இருட்டறைச் சக்கரவர்த்தியுமான இராஜமாணிக்கம் வரையும் திருமுகம்.

உன் முதல் பிலிம் சுருள் வந்து சேர்ந்தது. லே விமான நிலையத்துக் கல்யாணராமன் அதை அமிர்த கலசம் மாதிரி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டுபோய் விமானத்தில் ஏற்றினாராம். உன் நிலவியல் துறையின் ஆய்வகத்துக்கு அனுப்பினால் உன் பேத்தி கல்யாணத்துக்குத்தான் பிரிண்ட் வரும் என்று என்னிடம் அனுப்பினாய் பார், அங்கேதான் நீ புத்திசாலி. வந்த ஒரு மணி நேரத்தில் உங்கள் வீட்டுக் குளியலறையைப் படையெடுத்துக் கைப்பற்றினேன். வென்டிலேட்டரில் கறுப்புக் கம்பளி. கதவுக்கு வெளியே, தோளில் துண்டோடு உன் அப்பா.

“மாப்ள, ஆபீஸ் பஸ் போயிரும். ஜல்தி!”

“அத்தான், உள்ள ஒரு எரிமலை பொறந்துகிட்டிருக்கு. ஒமக்குக் குளியல்தான் பெருசா?”

அடுக்களையிலிருந்து உன் அம்மா: “ஏல, குளிக்கிய எடத்துல பேய்ப் படத்தக் கழுவுத. வெளங்குமா?”

பேய்ப் படம்தான் பூங்கோதை. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில், தட்டில் கிடந்த வெள்ளைத் தாளில் முதலில் ஒரு கம்பம் வந்தது. பிறகு பின்னால் ஒரு மலை. கடைசியாக, கம்பத்தின் காலடியில் ஒரு கண் திறந்தது. சாம்பல் நிறச் சேறு. அதன் நடுவில் உடையப்போகும் ஒரு குமிழ், யானை முட்டை போட்டால் அந்த அளவு இருக்கும். நான் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். மருந்து சுட்டது. முப்பத்தோரு வருஷமாக அந்த மருந்தில் கை வைக்கிறவனுக்குச் சுட்டது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வெளியே வந்து, ‘ஆகா, பாதாள ராஜாவுக்கு உளுந்தங்கஞ்சி காய்ச்சுகிறார்கள்’ என்றேன். அத்தான் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சரோஜினி நகர் மார்க்கெட் முழுக்க நீ எரிமலையின் உதட்டில் உட்கார்ந்து அதன் சூட்டில் காபி போட்டுக் குடிப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறேன். தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு அட்டைப்படமும் வாக்களித்துவிட்டேன். ஆனால் ஒரு குறை. தினமும் காலை எட்டு மணிக்கு, ஒரே இடத்தில் ஸ்டாண்டை நிறுத்தி, ஒரே கம்பத்தை நடுவில் வைத்து ஒரே படம். இது படமா, ரேஷன் கார்டா? மாமன் சொல்வதைக் கேள். ஸ்டாண்டின் கால்களைக் கொஞ்சம் இறக்கு. கேமரா தாழத் தாழ எதிரே இருப்பது நிமிரும். அந்தக் கம்பம் மலையை முட்டும். சேற்றுக் குழி குதுப் மினார் மாதிரி எழும்பும். ஐந்து அங்குலம் போதும், உலகம் நடுங்கும்.

பிரிண்டுகள் ஒரு செட் இத்துடன். நெகட்டிவ் என்னிடம், என் உயிரோடு.

இருட்டறையிலிருந்து,
இராஜமாணிக்கம்

---

முகாம்
20 ஜூன் 1996

மாமா,

பிரிண்டுகள் கிடைத்தன. நன்றாக இருக்கின்றன. உங்கள் கடிதத்தைப் படிக்க ஒரு மணி நேரம் ஆனது. லக்ஷ்மிபாய் நகர் பள்ளியில் படித்த தமிழுக்கு இவ்வளவு திருமுகம் தாங்காது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள்.

முதலில் திருத்தங்கள். இது எரிமலை இல்லை. சுற்றியிருக்கும் கறுப்புப் பாறைகள் எத்தனையோ கோடி வருஷத்துக்கு முன் கடலடியில் எரிமலைக் குழம்பாக வந்தவை, அவ்வளவுதான். இப்போது இருப்பது நிலத்தடி வெப்பம். அது தண்ணீரைக் கொதிக்கவைக்கிறது. நீராவி மண்ணைக் கரைத்துச் சேறாக்கி மேலே தள்ளுகிறது. மொத்தம் ஆறு குழிகள். நான் படமெடுப்பது நடுவில் இருக்கும் பெரியது. அதன் ஓரத்தில் அளவு தெரிவதற்காக ஒரு கம்பம் நட்டிருக்கிறோம். பெரியது என்றால் நம் வீட்டு மாவாட்டும் கல்லைவிடக் கொஞ்சம் பெரிது. யானை முட்டை கிடையாது.

பார்க்க எப்படி இருக்கும் என்று அம்மா கேட்டார்களாம். கெட்டியான கஞ்சி கொதிப்பது போல இருக்கும். ஒரு குமிழ் மெதுவாக எழும்பும், பளபளக்கும், ‘பொளக்’ என்று உடையும். உடைந்த இடத்தில் வளையம் வளையமாகப் போகும். அழுகின முட்டை வாசனை. மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நிலத்தின் மேல் உப்புப் படிந்து வெள்ளையாக ஓடு கட்டியிருக்கிறது. சில இடத்தில் கெட்டி, சில இடத்தில் அப்பளம். அதனால் கடப்பாரையால் தட்டிப் பார்த்துத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். ‘டண்’ என்றால் நிற்கலாம். ‘டொம்’ என்றால் திரும்பி வர வேண்டும். இந்த வேலைக்கு ஜோதிலிங்கம் அண்ணன் இருக்கிறார். மதுரைக்காரர், இருபது வருஷ அனுபவம். ஸ்டாண்டு வைக்கும் இடத்தை முதல் நாளே நாற்பது தடவை தட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தோம். கம்பத்திலிருந்து இருபது தப்படி. நாற்பது தடவையும் டண். அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஆகஸ்ட் முடியும் வரை ஒரு நாள்கூட விடாமல் படமெடுக்க வேண்டும். இந்த முகாமுக்கு ஒரு பெண்ணைத் தனிப் பொறுப்பில் அனுப்புவது இதுதான் முதல் தடவை. ஒரு நாள் விட்டால் ‘பார்த்தாயா’ என்பார்கள். என் மேலதிகாரி ராமசுப்ரமணியன் சார் ஏற்கெனவே சொல்லத் தயாராக இருக்கிறார்.

ஸ்டாண்டு பற்றிய உங்கள் யோசனையை ஜோதிலிங்கம் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

சப்ளை லாரி வியாழன் சாயங்காலம் வரும், வெள்ளிக்கிழமை திரும்பும். இந்த லாரியில் அடுத்த சுருளும் வருகிறது.

பூங்கோதை

---

லக்ஷ்மிபாய் நகர்
7 ஜூலை 1996

சேற்றையும் செதுக்கத் தெரிந்த சிற்பியே,

என் ரத்தம்! என் ரத்தம் என்று நேற்று குளியலறையில் நான் போட்ட கூச்சலில் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சர்தார்ஜி அடிபட்டுவிட்டதென்று பஞ்சும் டிஞ்சரும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். விஷயம் அதில்லை.

நாலு வாரப் படங்களையும் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டேன். அத்தானின் பனியன்களை அவிழ்த்துவிட்டுத்தான். பூதக்கண்ணாடியோடு ஒவ்வொன்றாக நடந்தேன். முதல் வாரம், கம்பத்தின் தலை மலையின் வயிற்றில் இருக்கிறது. இரண்டாவது வாரம் மலையின் மார்பில். மூன்றாவது வாரம் கழுத்தில். நாலாவது வாரம், அடேயப்பா, மலையின் உச்சியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது! உலக்கை உயரக் கம்பம் பதினெட்டாயிரம் அடி மலைக்குச் சமமாக நிமிர்ந்துவிட்டது.

சிரித்தார் என்று எழுதினாயே, திருடி. சிரித்துவிட்டு மாமன் சொன்னபடியே செய்திருக்கிறாய். அதுவும் ஒரேயடியாக இறக்கினால் ராமசுப்ரமணியன் கண்ணில் பட்டுவிடும் என்று வாரத்துக்கு அரை அங்குலம், ஓர் அங்குலமாக, பால் காய்ச்சுகிற பதத்தில் இறக்கியிருக்கிறாய். உன் அப்பாவின் கல்யாணப் படத்தில் அவர் தலைக்கு நான் பிரஷ்ஷால் முடி வைத்ததற்கு அப்புறம் நம் வம்சத்தில் இவ்வளவு நேர்த்தியான மோசடி நடந்ததில்லை. மெய்சிலிர்க்கிறது.

மலர் ஆசிரியரிடம் காட்டிவிட்டேன். வாயைப் பிளந்துவிட்டார். “ஏன் சார், பொண்ணு தனியாவா நிக்குது அங்க?” என்றார். “ஒற்றைக் காலில் நிற்கிறாள்” என்றேன்.

அக்கா படங்களைப் பார்ப்பதில்லை. கயிற்றுப் பக்கம் வரும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். “அது என்னையே பாக்குதுல” என்கிறாள்.

இன்னும் இறக்கு!

மாமன்

---

முகாம்
11 ஜூலை 1996

மாமா,

இப்போதுதான் லாரி வந்தது. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். கோபத்தில்.

நான் ஸ்டாண்டைத் தொடவே இல்லை. மூன்று கால்களையும் முதல் நாளே முழு நீளத்துக்கு இழுத்து, திருகி, திருகின இடத்தில் சிவப்பு பெயின்ட் வைத்திருக்கிறேன். பெயின்ட் அப்படியே இருக்கிறது. இப்போதும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். இது விளையாட்டுப் படம் இல்லை. அப்பா தலையில் முடி வைப்பது போல நான் என் வேலையில் செய்வேன் என்று நினைத்தீர்களா? மலர் ஆசிரியரிடமிருந்து அந்தப் படங்களை உடனே திருப்பி வாங்குங்கள்.

முந்தின பாராவை எழுதிவிட்டு வெளியே நடந்துவிட்டு வந்தேன். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஏனென்றால் இன்னொன்று தோன்றியது. நீங்கள் அனுப்பிய பிரிண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி. கம்பம் ஏறியிருக்கிறது! நான் ஸ்டாண்டை இறக்கவில்லை என்றால் கம்பம் நிஜமாகவே மேலே வந்திருக்கிறது. அதாவது குழியைச் சுற்றியுள்ள நிலம் உப்புகிறது. அடியிலிருந்து நீராவி தள்ளுகிறது. இது பெரிய விஷயம் மாமா. தினமும் பக்கத்தில் இருந்தும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. உங்கள் குளியலறைக் கயிற்றில் தெரிந்திருக்கிறது. ராமசுப்ரமணியன் சார் ஆகஸ்ட் ஒன்றாம் தேதி லாரியில் வருகிறார். இரண்டாம் தேதி காலை எட்டு மணிக்கு அவரையே அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டப்போகிறேன்.

அம்மாவிடம் சொல்ல ஒரு நல்ல செய்தி. குளிர் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்டாண்டு வைக்கும் இடம் இப்போதெல்லாம் நல்ல கதகதப்பாக இருக்கிறது. முதல் வாரம் கால் விறைத்துப்போகும். இப்போது கையுறையைக் கழற்றிவிட்டு நிற்கிறேன். படமெடுத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்று டீ குடிக்கிறோம்.

பூங்கோதை

---

லக்ஷ்மிபாய் நகர்
23 ஜூலை 1996

பூங்கோதை,

லே விமானங்கள் மேகத்தால் ரத்தாகி, உன் பதினொன்றாம் தேதிக் கடிதம் நேற்றுத்தான் கிடைத்தது. நான் வழக்கம்போல ஏதாவது பட்டம் கொடுத்து ஆரம்பிக்கலாம் என்று மூன்று தாள் கிழித்தேன். வரவில்லை. ஆகவே நேராகச் சொல்கிறேன்.

அந்த இடத்தில் நிற்காதே.

சாமர்த்தியமாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. எனக்கு உன் படிப்புத் தெரியாது, நிலத்தடி தெரியாது. படம் தெரியும். கம்பம் நட்ட இடம் உப்பியிருந்தால் கம்பம் மட்டும்தான் மலைக்கு எதிரே ஏற வேண்டும். நீயே பிரிண்டுகளை எடுத்துப் பார். கம்பத்துக்கு இடதுபக்கம் ஆளுயரத்தில் ஒரு கறுப்புப் பாறை இருக்கிறது. வலதுபக்கம் சப்பையாக இரண்டு பாறை. அவையும் ஏறியிருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு. பாறை, கம்பம், குழி எல்லாம் சொல்லிவைத்துக்கொண்டு எழுந்து நிற்குமா? எதிரே எதுவும் ஏறவில்லை. நீ இறங்கியிருக்கிறாய். நீயும் ஸ்டாண்டும் ஜோதிலிங்கமும் அவர் டீ கெட்டிலும் நிற்கிற தரை மொத்தமாகக் கீழே போய்க்கொண்டிருக்கிறது.

கையுறையைக் கழற்றிவிட்டு நிற்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கதகதப்பாம்!

நேற்று மொட்டைமாடிக்குப் போனேன். அக்காவின் ஒட்டடைக் கம்பை மணல் வாளியில் நட்டு, இருபது தப்படி தள்ளி என் கேமராவை வைத்து, தூரத்துத் தண்ணீர்த் தொட்டியை மலையாக வைத்துக்கொண்டு எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு அங்குலமாக இறக்கினேன். ஏழு அங்குலம் இறக்கும்போது உன் ஜூலை பத்தாம் தேதிப் படம் வந்துவிட்டது. ஏழு அங்குலம் பூங்கோதை. நான் ஏழு என்றால் ஒன்று என்று வைத்துக்கொள்வது நம் வீட்டுப் பழக்கம். இது ஏழேதான். முதல் வாரம் அரை, கடைசி வாரம் இரண்டு. வேகம் கூடுகிறது.

நாற்பது தடவை தட்டினோம் என்றாய். எப்போது? முதல் நாள். அதற்குப் பிறகு ஒரு தடவையாவது தட்டினீர்களா? நீங்கள் எதிரே வைக்கப்போகும் அடியைத்தான் தட்டுகிறீர்கள். நின்றுகொண்டிருக்கும் அடியை யாரும் தட்டுவதில்லை.

நேற்று தபாலாபீசுக்கு ஓடினேன். தந்தி பாரத்தில் எழுதினேன், எழுதினேன், பின்பக்கமும் எழுதினேன். கவுண்ட்டரில் இருந்தவர், “பையா, இது தந்தியா, ராமாயணமா?” என்றார். அவரே எல்லாவற்றையும் அடித்துவிட்டு நாலு சொல் வைத்தார்: தரை இறங்குகிறது, அங்கே நிற்காதே. இன்று காலை கல்யாணராமனுக்கு டிரங்க் கால் போட்டேன். தந்தி அவர் கையில் இருக்கிறது. நாளை விடிவதற்குமுன் லாரி கிளம்பும், அதில் அனுப்புகிறேன் என்றார். உயிர் வந்தது.

(பிற்பகல் மூன்று மணி.) கல்யாணராமன் கூப்பிட்டார். வழியில் பாலத்தில் வேலை என்று லாரியை இன்று காலையிலேயே அனுப்பிவிட்டார்களாம். அடுத்தது அடுத்த புதன். ஜீப் கேட்டேன், அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு வாங்கவே நாலைந்து நாள் ஆகும், அதற்குள் லாரியே போய்விடும் என்கிறார். உன் துறை அலுவலகத்துக்குப் போனேன். ஒட்டடைக் கம்புப் படங்களைக் காட்டினேன். எழுத்தில் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன்.

இந்தக் கடிதமும் தந்தியோடுதான் வரும். ஆகஸ்ட் ஒன்று சாயங்காலம். அதுவரை இன்னும் ஒன்பது காலை எட்டு மணி இருக்கிறது. விரலை விட்டு எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன்.

மாமா

---

முகாம்
25 ஜூலை 1996

மாமா,

இந்த லாரியில் உங்கள் கடிதம் இல்லை. கோபமா? சென்ற கடிதத்தில் அதிகமாகத் திட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்.

ஏற்பாடுகள் நடக்கின்றன. இரண்டாம் தேதி சார், அவரோடு வரும் இரண்டு பேர், நான், ஜோதிலிங்கம் அண்ணன், ஐந்து பேரும் ஸ்டாண்டுக்குப் பின்னால் நிற்போம். எட்டிலிருந்து பத்து மணி வரை அங்கேயே நின்று பத்து நிமிஷத்துக்கு ஒரு படம் எடுக்கலாம் என்றிருக்கிறேன். இந்த வாரச் சுருள் இன்னும் முடியவில்லை. கேமராவிலேயே இருக்கட்டும், பனி படாமல் மூடிவைத்து ஸ்டாண்டிலேயே விட்டுவிடுகிறேன்.

எனக்கும் கம்பத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு குட்டிக் குழி வந்திருக்கிறது. டம்ளர் அளவு. முந்தாநாள் இல்லை.

இதை அம்மாவிடம் சொல்லாதீர்கள். செவ்வாய்க்கிழமை காலை படமெடுக்கக் குனிந்தபோது ‘பொளக்’ கேட்டது. நான் எதிரே குழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழியில் குமிழ் உடையவில்லை. சத்தம் கேட்டது. மறுபடியும் கேட்டது. காதில் கேட்டது என்பதைவிடக் குதிகாலில் கேட்டது என்று சொல்லலாம். ஜோதிலிங்கம் அண்ணனைப் பார்த்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைக்காமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். “தாயி, கேட்டுச்சா?” என்றார். “எதுண்ணே?” என்றேன்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். கேட்டது என்று சொன்னால் நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் சார் படிப்பார். பெண் தனியாக இருந்து பயந்துபோய்விட்டாள் என்று செப்டம்பரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

அதனால் உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். நீங்கள் இதைப் பத்து மடங்காக்கி யாரிடம் சொன்னாலும் யாரும் நம்பப்போவதில்லை. அது ஒரு சௌகரியம்.

பயமாக இருக்கிறது மாமா. தினமும் ஏழரை மணிக்கு ஆரம்பிக்கிறது. எட்டே காலுக்குப் போய்விடுகிறது.

பூங்கோதை

---

லக்ஷ்மிபாய் நகர்
1 ஆகஸ்ட் 1996, மாலை ஆறு மணி

பூங்கோதை,

இந்தக் கடிதம் அடுத்த வியாழன்தான் உன் கைக்கு வரும். அப்போது இதற்கு உபயோகம் இருக்காது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

இந்நேரம் லாரி வந்திருக்கும். கல்யாணராமன் தந்தியைத் தன் கையால் டிரைவர் சட்டைப்பையில் வைத்துப் பித்தான் போட்டுவிட்டாராம். நீ படித்திருப்பாய். படித்துவிட்டு, ‘மாமா ஆரம்பித்துவிட்டார்’ என்று மடித்து வைத்திருப்பாய். அதுதான் என்னைக் கொல்கிறது. நான் இத்தனை வருஷம் பேசிய பேச்சுக்கு அப்புறம் நீ என்னை ஏன் நம்ப வேண்டும்? ஆனால் நான் சொன்னதை நம்ப வேண்டாம். பிரிண்டைப் பார்த்திருப்பாய் அல்லவா? அந்தப் படங்களில் நான் பிரஷ் வைக்கவில்லை. பிரஷ் டப்பாவைத் திறக்கக்கூட இல்லை.

உன் கடிதத்தை அக்கா கேட்டாள். மருந்தில் விழுந்துவிட்டது என்றேன். என்ன எழுதியிருக்கா என்றாள். நல்லா நெய் ஊத்திச் சாப்பிடுதாளாம், சதை போட்டுட்டாளாம், அந்த ஊர்ப் பாதாள ராஜா கப்பம் கட்டுதாராம் என்று எடுத்துவிட்டேன். அவள் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு சொன்னாள், “ஏல, நீ பொய் சொல்லும்போது கை ரெண்டும் ஆகாசத்துல பறக்கும். இன்னைக்கு மடியிலயே கெடக்கே.” நான் எழுந்து குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். கழுவுவதற்குச் சுருள் ஒன்றும் இல்லை.

நாளை காலை எட்டு மணிக்கு ஆபீஸ் போகமாட்டேன்.

மாமா

---

முகாம்
8 ஆகஸ்ட் 1996

மாமா,

இரண்டாம் தேதி டிரைவரிடம் கொடுத்தனுப்பிய ‘சௌக்கியம்’ தந்தி கிடைத்திருக்கும். உங்கள் இரண்டு கடிதங்களும் என்னிடம் இருக்கின்றன. நடந்ததை எழுதுகிறேன்.

தந்தியைப் படித்துவிட்டு நீங்கள் சொன்னபடியேதான் மடித்து வைத்தேன். ‘ஆரம்பித்துவிட்டார்’ என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் கடிதத்தைப் படித்தேன். கறுப்புப் பாறை என்ற இடத்தில் நிறுத்தினேன். பிரிண்டுகளை மெத்தைமேல் பரப்பினேன். சப்பைப் பாறைகளையும் பார்த்தேன். அதற்குமேல் உங்கள் கடிதத்தைப் படிக்கத் தேவைப்படவில்லை. செவ்வாய்க்கிழமை குதிகாலில் கேட்டது என்ன என்று புரிந்துவிட்டது. சாப்பிடவில்லை.

காலை ஏழே முக்காலுக்கு ராமசுப்ரமணியன் சார் தொப்பியெல்லாம் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். நடக்க ஆரம்பித்தார். நான் வழியில் போய் நின்றேன்.

“சார், அங்க யாரும் போக வேண்டாம்.”

“ஏம்மா? நீதானே லெட்டர்ல அவ்வளவு எழுதியிருந்தே?”

“நான் எழுதினது தப்பு சார். கம்பம் ஏறல. நாம நிக்கற இடம் இறங்குது. என் மாமா கண்டுபிடிச்சிருக்கார்.”

“மாமா ஜியாலஜிஸ்டா?”

“போட்டோ கழுவறவர் சார். டெல்லியில, எங்க வீட்டு பாத்ரூம்ல.”

“அச்சா.” கூட வந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். “டெல்லியில பாத்ரூம்ல உக்காந்துண்டு இந்த இடம் இறங்கறதுன்னு சொல்றாராக்கும். பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லேம்மா.”

மாமா, அந்த வார்த்தைக்குத்தான் இரண்டு மாசமாகப் பயந்துகொண்டிருந்தேன். “ஆமா சார், பயமா இருக்கு. நீங்களும் பயப்படணும்” என்றேன். கத்திவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைச் சுற்றிக்கொண்டு நடந்தார். அதற்குள் ஜோதிலிங்கம் அண்ணன் கூடாரத்தின் நடுக்கம்பை உருவிக்கொண்டு ஓடிவந்தார். ஸ்டாண்டுக்கு நாலு தப்படி இருக்கும்போது மண்ணில் குப்புறப் படுத்து, கம்பை நீட்டி, எங்கள் டீ குடிக்கும் இடத்தைத் தட்டினார். டொம். கோயில் முரசு மாதிரி. சார் நின்றுவிட்டார். ஜோதிலிங்கம் அண்ணன் இன்னும் கொஞ்சம் அழுத்தினார். அழுத்தினதுகூட இல்லை, சாய்த்தார். கம்பு சத்தமில்லாமல் உள்ளே போனது. பாதிக்குமேல் போனது. கீழே எதிலும் முட்டவில்லை. துவாரத்திலிருந்து விசில் அடிப்பது போல நீராவி வந்தது.

ராமசுப்ரமணியன் சார் அப்படியே உட்கார்ந்தார். உட்கார்ந்தபடியே பின்பக்கமாக நகர்ந்து வந்தார். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. கெட்டித் தரைக்கு வந்ததும், “தொழில்நுட்பக் காரணங்களால் படமெடுக்கும் இடம் மாற்றப்பட்டதுன்னு எழுதிக்கோம்மா” என்றார். எழுதிக்கொண்டேன்.

அங்கே அறுபது நாளாக நின்று டீ குடித்திருக்கிறோம்.

இப்போது எதற்காக எழுதுகிறேன் என்றால், ஸ்டாண்டு இன்னும் அங்கேயே நிற்கிறது. யாரும் எடுக்கப் போகவில்லை, போகவும் முடியாது. கேமரா அதன்மேல் இருக்கிறது, உள்ளே கடைசி வாரத்துச் சுருள். நான் இரண்டு மாசமாக எடுத்தது சேற்றின் படம் இல்லை, என் காலடி இறங்கின கணக்குத்தான் என்று சார் முகாமை விட்டுக் கிளம்பும்போது சொன்னார். அந்தக் கடைசி வாரம் இருந்தால்தான் அது முழுமையாகும் என்றும் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கயிறு வீசிப் பார்த்தோம், கொக்கி மாட்டவில்லை. நேற்று மூன்று கால்களில் ஒன்று உள்ளே போய்விட்டது. கேமரா சாய்ந்து என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. கெட்டித் தரையிலிருந்து பதினோரு தப்படிதான் மாமா. நான் ஐம்பது கிலோதான். விரல் நுனியில் போனால், ஓடினால், நாலு வினாடி. இது பைத்தியக்காரத்தனம் என்று தெரியும். தெரிந்தும் தினமும் எட்டு மணிக்கு என் கால் தானாக அந்தப் பக்கம் போகிறது. இன்று காலை பாதி வழி போயிருந்தேன். ஜோதிலிங்கம் அண்ணன் பின்னாலிருந்து, “தாயி, எங்க போறீக?” என்று கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

திரும்பி வந்து பூட்ஸைக் கழற்றி அவரிடம் கொடுத்துவிட்டேன். ஸ்டாண்டு முழுக்க உள்ளே போகிறவரை, நான் கெஞ்சினாலும் அழுதாலும் தராதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன். லாரி டிரைவர் காத்திருக்கிறார். வெறும் காலுறையோடு உட்கார்ந்து இதை முடிக்கிறேன்.

பூங்கோதை

---

தந்தி
புது டில்லி, 13 ஆகஸ்ட் 1996

செருப்பையும் கொடுத்துவிடு. மாமா.